பூட்டிய வலி

இசக்கிராஜின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்த திங்கட்கிழமை காலையில், அவன் பக்கத்துக் கட்டில்காரியோடு கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் துளிகூட வலி இல்லை. கால் போனதற்குக் காரணமே அதுதான் என்பது அவனுக்குத் தெரியாது. நர்ஸ் ஜெபராணிக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வயது. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். சனிக்கிழமை மத்தியானம் அடுக்கு சரிந்து நான்கு மூட்டைகள் அவன் கால்மேல் விழுந்தன. கணைக்கால் எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸிலேயே அவனுக்கு வலிப்பூட்டு போட்டுவிட்டார்கள். முழங்காலுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், நரம்பை ஒட்டி மயிரிழை போல ஒரு குழாய். வெளியே நாணயம் அளவில் ஒரு வில்லை. அவ்வளவுதான். அலறிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கால் மரத்துப்போகவில்லை. தொட்டால் தெரிந்தது, விரலை அசைக்க முடிந்தது. வலி மட்டும் மூளைக்குப் போகிற வழியில் நின்றுபோனது. பத்து நாள் வரை அது அப்படியே நிற்கும்.

முறிந்த காலுக்குள் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. தசைகளைச் சுற்றியிருக்கும் உறை விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடக் கூட இரத்த ஓட்டம் நெரிபடும். பூட்டு இல்லாத காலத்தில் அப்படி ஆகிற ஆள் கட்டிலை உடைக்கிற அளவுக்குத் துடிப்பான். டாக்டர் ஓடி வருவார், உறையைக் கீறிவிடுவார், கால் பிழைத்துக்கொள்ளும். இசக்கிராஜோ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனில் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று ஒரு தடவை யாரிடமோ சொன்னானாம். விடுப்பு முடிந்து வந்த ஜெபராணி திங்கள் காலை ஏழேகாலுக்கு அவன் பாதத்தைத் தொட்டாள். தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது.

விபத்துப் பிரிவுக்கு அடுத்தாற்போல் இருந்த அந்த நீளமான வார்டை எல்லோரும் அமைதிக் கூடம் என்றே சொன்னார்கள். எலும்பு முறிந்து, அறுவைக்காகக் காத்திருக்கும் நாற்பத்தொரு பேர் அங்கே படுத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தமும் செல்போன் பாட்டும் தவிர வேறொன்றும் கேட்காது.

அந்த அமைதி வருவதற்கு முந்தைய காலத்தை ஜெபராணி மறக்கவில்லை. பத்தொன்பது வருட சர்வீஸ். ஊசியால் நரம்பைத் தேடிப்பிடித்து அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கத் தெரிந்த டாக்டர்கள் அப்போது மொத்த ஆஸ்பத்திரிக்கும் இரண்டே பேர். அவர்கள் கைக்கு எட்டியவர்களுக்கு நிம்மதி, மற்றவர்களுக்குத் தூக்க மருந்து, அதுவும் போதாதவர்களுக்குக் கூச்சல். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் காதுக்குள் அந்தக் கூச்சல் கூடவே வரும். மூன்று வருடங்களுக்கு முன்னால் வலிப்பூட்டு வந்த முதல் நாள், படுக்கை விரிப்பு அடுக்கும் அறைக்குள் போய் நின்று அவள் சந்தோஷத்தில் அழுதாள். அவளுக்குப் பூட்டின்மேல் கோபம் இல்லை. அதனால்தான் மற்றதைக் கண்டுபிடிக்க அவளுக்கே இவ்வளவு நாள் ஆனது.

அறுவைக்கு யார் முதலில், யார் அடுத்து என்பதைச் சுவரில் இருந்த திரை சொல்லும். மாநிலம் முழுவதற்கும் ஒரே கணினி நிரல், தலைநகரில் எழுதியது. நாடித்துடிப்பு, இரத்தப்போக்கு, வயது எல்லாம் பார்க்கும். எல்லாவற்றையும்விட வலியைப் பார்க்கும். கையில் கட்டிய பட்டை வலியை அளந்து சொல்லும். பூட்டு வருவதற்கு முன்பு எழுதிய நிரல் அது. பூட்டுப் போட்டவனுக்கு வலி பூஜ்யம். பூஜ்யம் என்றால் அவசரம் இல்லை. தனியார் கிளினிக்கிலிருந்து பூட்டில்லாமல் முனகிக்கொண்டு வருகிறவன் நேரே மேலே போவான். கூடத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவார்கள்.

யாரும் முறையிடவில்லை. நோயாளி இட்லி சாப்பிட்டுக்கொண்டு போன் பார்க்கிறார் என்றால் சொந்தக்காரர்களும் வேலை வெட்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். புகார்ப் புத்தகம் காலியாக இருந்ததைப் பார்த்து, எலும்புப் பிரிவின் இரண்டாவது ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை என்று மூடினார்கள். இரண்டு சர்ஜன்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். முன்பு ஆறு மணி நேரத்தில் முடிந்தது இப்போது ஆறு நாள் ஆயிற்று. கூடம் மட்டும் அழகாக, அமைதியாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெபராணி டீனைப் பார்க்கப் போனாள்.

டீன் டாக்டர் குலசேகரன் மயக்க மருந்து நிபுணர். அந்தக் காலத்தில் நரம்பைத் தேடி ஊசி போடத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர். வலிப்பூட்டை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நான்கு வருடம் நடையாய் நடந்தவர். இசக்கிராஜின் அறிக்கை ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இளம் டாக்டராக இருந்தபோது ஒரே நாளில் ஒரு பஸ் விபத்தில் முப்பது பேர் வந்ததை அவர் அவளிடம் சொன்னார். ஒரு ஊசி போட்டு முடிப்பதற்குள் அடுத்த மூன்று கட்டிலில் இருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். அன்றைக்கு அவர் எட்டுப் பேருக்கு மட்டும்தான் போட முடிந்தது. மிச்சம் இருபத்திரண்டு பேரின் முகமும் இன்னும் மறக்கவில்லை என்றார்.

"இந்தக் கால் போனது என் தப்புதான் சிஸ்டர். உள்ளழுத்தம் பாக்குற கருவி கேட்டு இன்னைக்கே எழுதறேன். ஆனா கத்தலத் திரும்பக் கொண்டுவரச் சொல்லாதீங்க."

"கத்தல நான் கேக்கல சார். அந்தக் கத்தலு ஒரு வேல செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நம்மள ஓடி வர வச்சுது. இப்ப அந்த வேலய யாரு செய்யுதா?"

வியாழக்கிழமை தலைநகரிலிருந்து குழு வருவதை அவர் நினைவூட்டினார். இந்தக் கூடத்தைப் பார்த்து அவர்கள் சம்மதித்தால் எல்லா மாவட்டங்களுக்கும் பூட்டு போகும். வரிசை நிரலின் குறையை இப்போது சொன்னால் நிரலைத் திருத்த மாட்டார்கள், பூட்டைத்தான் நிறுத்துவார்கள், அதுதான் அவர்களுக்குச் சுலபம். குழு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு நானே பேசுகிறேன் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஜெபராணிக்குத் தாங்கவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பாள்.

இசக்கிராஜுக்குப் பக்கத்துக் கட்டில்காரி பெயர் செண்பகவல்லி. ஐம்பத்திரண்டு வயது, மாவட்ட நீதிமன்றத்தில் டவாலி. நீதிபதிக்கு முன்னால் நடந்து போவதும், வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதும் அவள் வேலை. சனிக்கிழமை ஸ்கூட்டரில் போகும்போது ஆடு குறுக்கே வந்து, விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். குசுகுசுவென்று பேசினாலும் நாலு கட்டிலுக்குக் கேட்கும் குரல். இசக்கிராஜ் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இரண்டு நாளும் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சரில் அவனைத் தள்ளிக்கொண்டு போனபோது, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று கையசைத்துவிட்டுப் போனான். கூடத்துக்கு அவன் திரும்பி வரவில்லை. மாடியில் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெபராணி அவளுக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, செண்பகவல்லி சுவர்த் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வந்த அன்னைக்கு நான் ஒம்பதாவது சிஸ்டர். இன்னைக்கு இருபத்திமூணு. என்ன தப்பு செஞ்சேன்னு கீழ போறேன்?"

ஜெபராணி அன்று இரண்டு பேர் வேலையைப் பார்த்திருந்தாள். பொய் சொல்லத் தெம்பு இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நிரல், பட்டை, பூஜ்யம், மூடிய தியேட்டர், இசக்கிராஜின் கால் சில்லிட்டுப் போனது வரை. செண்பகவல்லி குறுக்கே பேசாமல் கேட்டாள். கோர்ட்டில் முப்பது வருடம் நின்று கேட்ட பழக்கம்.

"எங்க கோர்ட்ல மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடுவோம். ஆளு வரலன்னா கேசு தள்ளுபடி. இங்க என்னன்னா கூப்பிடுததுக்கே ஆளில்ல. கூப்பிடாமலேலா தள்ளுபடி செய்யுதாவ."

பிறகு வில்லையின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் அந்தச் சின்ன மேடு என்ன என்று கேட்டாள். அது தளர்த்தும் பொத்தான். வலி அவரவருக்குச் சொந்தம், பூட்டை எப்போது வேண்டுமானாலும் தளர்த்திக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு என்று சட்டமே இருந்தது. ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் வலி திரும்பிவிடும். மறுபடி பூட்டினால் விழப் பத்து நிமிடமாகும். சட்டத்தில் இருந்தாலும் வார்டில் யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. ஜெபராணி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே செண்பகவல்லியின் கண்ணில் ஏதோ ஓடுவதைப் பார்த்துப் பயந்துபோனாள். வலி மெல்ல வராது, மொத்தமாக வந்து அறையும். இங்கே எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்கள், உயிரே போய்விடும் அக்கா, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஒருத்தரயும் அழுத்தச் சொல்ல மாட்டேன். போதுமா?" என்றாள் செண்பகவல்லி.

புதன்கிழமை கூடத்தில் வழக்கமில்லாத ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு ஏதோ செய்தி போய்க்கொண்டிருந்தது. ஜெபராணி பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். முதல் கட்டிலில் இருந்த சங்கரவடிவு, எழுபத்தெட்டு வயது, இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து நாளாகக் கிடப்பவள், அவளைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜெபராணிக்குப் புரிந்துவிட்டது. டீனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் கூடத்தைக் காலி செய்து, குழுவுக்கு வேறு வார்டைக் காட்டியிருப்பார். இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனாள், இரண்டு முறையும் திரும்பி வந்தாள். பிறகு தன்னால் ஆனதைச் செய்தாள். வியாழக்கிழமைக்குக் கூடுதலாக இரண்டு நர்ஸுகளைக் கேட்டு வாங்கினாள். மறுபூட்டுக்கான மருந்தையும் இரத்த அழுத்த ஊசிகளையும் மூன்று வண்டிகளில் அடுக்கி, கூடத்தின் இரண்டு முனையிலும் நடுவிலும் நிறுத்தினாள். வேலை போனால் போகட்டும், உயிர் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை பதினொரு மணிக்குக் குழு வந்தது. ஐந்து பேர். தலைவி திலகவதி, ஓய்வுபெற்ற அரசுச் செயலர். அவரோடு வந்தவர்களில் ஒருவர் பழைய எலும்பு சர்ஜன், அன்வர்தீன் என்று பெயர். டீன் அவர்களைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். தயாரித்து வைத்திருந்த உரையை எடுத்தவர், வாசிக்காமல் மடித்துவிட்டார்.

"நான் எதுவும் சொல்லப்போறதில்ல. ஒரு நிமிஷம் சும்மா கேளுங்க. நாப்பத்தொரு எலும்பு முறிவு இருக்கிற வார்டு இது."

எல்லோரும் கேட்டார்கள். மின்விசிறிகள் சுற்றின. திலகவதி கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார்.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து உட்கார்ந்திருந்தாள் செண்பகவல்லி. நீதிமன்ற வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்க வேண்டிய குரல். சுவரில் பட்டுத் திரும்பியது.

"கட்டில் ஒண்ணு. சங்கரவடிவு. முறிஞ்சது இடுப்பு. காத்திருக்கது ஆறு நாளு."

முதல் கட்டிலிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. அது நிற்பதற்குள் அடுத்த பெயர். கட்டில் இரண்டு, மின்வாரியத்து லைன்மேன், தோள்பட்டை, நான்கு நாள். அவன் அலறினான். கட்டில் மூன்று, பள்ளி ஆசிரியை, கணுக்கால், ஐந்து நாள். பெயர், முறிவு, நாள். பெயர், முறிவு, நாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் சேர்ந்துகொண்டே வந்தது. இருபதாவது பெயருக்கு மேல் தனித்தனியாக எதுவும் கேட்கவில்லை. மூன்று வருடமாகச் சுவர்கள் மறந்திருந்த சத்தம் கூரை வரை நிறைந்துவிட்டது. குழுவில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார். டீன் அசையாமல் நின்றார். அவர் பார்வை மட்டும் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜெபராணி வண்டியைத் தள்ளிக்கொண்டு முதலில் செண்பகவல்லியிடம்தான் ஓடினாள். கிட்டே போனதும் தெரிந்தது. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த தொடை தானாகத் துள்ளியது. மறுபூட்டு போட வந்த ஜெபராணியின் கையை அவள் தட்டிவிட்டாள். இன்னும் ஒரு பெயர் பாக்கி என்றாள்.

அவள் கையைத் தூக்கினாள். கூடம் அப்படியே அடங்கியது.

"இசக்கிராஜ்."

பதில் இல்லை.

"இசக்கிராஜ்."

பத்தொன்பதாம் கட்டில் வெறுமையாக, புது விரிப்போடு இருந்தது. குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. டீனுக்குத் தெரியும்.

மூன்றாவது முறை கூப்பிடும்போது செண்பகவல்லியின் குரல் நடுவில் உடைந்தது. ஆனாலும் கூப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள்.

டீன் நடந்து வந்தார். கோட்டைக் கழற்றி ஜெபராணியிடம் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, தன் கையாலேயே பூட்டைச் சரிசெய்தார். பத்து நிமிடமும் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார். மற்ற கட்டில்களுக்கு நர்ஸுகள் வண்டியோடு போய் மறுபூட்டு மருந்தைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். திலகவதி வந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கோபத்தைவிட நடுக்கம்தான் அவர் குரலில் இருந்தது. பொத்தானைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஜெபராணி முன்னால் வந்தாள்.

"பொத்தான் அவங்களோடது மேடம்" என்றார் டீன், எழுந்திருக்காமலே. "வரிசையில அவங்கள பின்னாடி தள்ளுற நிரல் நம்மளோடது. தியேட்டர மூடச் சொன்ன உத்தரவுல இருக்கிற கையெழுத்து என்னோடது."

அதன் பிறகு நடந்ததை அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டாவது தியேட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று டீன் கேட்டார். பாதிப் பேருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியவில்லை. கடைசியில் ஸ்டோர் கீப்பர் கொண்டுவந்தார். துடைத்து, கழுவி, கருவிகளை வேகவைத்து எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. மயக்க மருந்துக்கு நானே நிற்கிறேன் என்று டீன் சட்டைக் கையை மடித்தார். அறுக்க ஆள் போதவில்லை. அப்போது குழுவோடு வந்த அன்வர்தீன், இரண்டு நிமிடம் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கவுன் எடுத்துக் குடுங்க" என்றார். அவர் ஓய்வுபெற்று எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜெபராணி சுவர்த் திரையை அணைத்தாள். ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்து, யார் அதிக நாள் காத்திருக்கிறார்களோ அவர்கள் பெயரை மேலே எழுதினாள். முதல் பெயர் சங்கரவடிவு. தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அம்மாள் வழி நெடுக எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு போனாள். கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கை முறிந்தவர்கள் கட்டிலைத் தட்டினார்கள். இருட்டுவதற்குள் இரண்டு தியேட்டரிலுமாக ஒன்பது பேருக்கு அறுவை முடிந்தது. மூடிய தியேட்டர் பிறகு மூடப்படவே இல்லை.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. பூட்டு எல்லா மாவட்டங்களுக்கும் போனது, ஆனால் தனியாகப் போகவில்லை. பூட்டுப் போட்டுக் காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நோயாளியின் எண் தானாக மேலே ஏற வேண்டும். முறிந்த காலில் பூட்டோடு சேர்த்து உள்ளழுத்தக் கருவியும் கட்ட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து தொட்டுப் பார்க்க வேண்டும். தாளில் அதற்கு ஒரு நீளமான எண் உண்டு. ஆஸ்பத்திரிகளில் அதன் பெயர் டவாலி விதி. முதல் ஆண்டிலேயே முந்நூறு கால்களுக்கு மேல் காப்பாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். இசக்கிராஜ் செயற்கைக் காலோடு அதே ஆலைக்குத் திரும்பினான், மூட்டை தூக்க இல்லை, எடை போட. உத்தரவு வந்த செய்தியை அவனிடம் போய்ச் சொன்னது ஜெபராணிதான். அடுத்தவனுக்காவது இருக்கட்டும் சிஸ்டர் என்றான் அவன்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது அதிகம் பேருக்குத் தெரியாது.

எத்தனை கருவி வந்தாலும் சம்பவ அறிக்கை தாளில்தான் போக வேண்டும். வியாழக்கிழமை நடந்ததற்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும், பூட்டுகளின் பதிவையும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டும் தான் எப்போது விழுந்தது, எப்போது தளர்ந்தது என்பதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். ஜெபராணி நாற்பத்தொரு பதிவையும் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் தவறான தேதியை எடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். மறுபடியும் பார்த்தாள். வியாழன் காலை பதினொன்றேகால் மணிக்கு நாற்பது பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. தளர்ந்தது ஒன்றே ஒன்று.

தாள்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். முந்தின நாள் கடைசியாக அறுவை முடிந்தவள் செண்பகவல்லி. சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி தாளை நீட்டினாள். செண்பகவல்லி கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தாள்.

"நான்தான் பொத்தானத் தொடப்பிடாதுன்னு சொன்னேன். வலி எப்படி இருந்துச்சுன்னு இங்க யாருக்கு மறந்துருக்கு? பூட்டு விழுததுக்கு முந்தி எல்லாரும் கத்துனவியதான. அதயே ஒரு தடவ கத்துங்கன்னு சொன்னேன்."

"பொறவு நீங்க மட்டும் ஏன்க்கா அழுத்துனீங்க?"

செண்பகவல்லி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாப்பது பேரு பேசலாம். ஒரு சாட்சியாவது நெஜமா இருக்கணும்லா சிஸ்டர். இல்லன்னா நான் எந்த முகத்தோட கோர்ட் வாசல்ல போயி நிக்க?"

ஜெபராணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் அறிக்கை போய்த்தான் ஆக வேண்டும். பதிவை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது போனால் குழு என்ன செய்யும், எல்லாம் நாடகம் என்று அறிக்கையைக் கிழித்துப் போடுவார்களோ என்ற பயத்தோடுதான் டீனின் அறைக்குப் போனாள்.

குலசேகரன் பதிவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும். கட்டில் தலைமாட்டுத் திரையில நாடி ஓடுதே, முப்பது வருஷமா நான் அதத்தான பாக்கறேன். நாப்பது நாடியும் நிதானமா ஓடிச்சு. ஒண்ணுதான் நூத்தி நாப்பதுக்குப் போச்சு."

அப்படியானால் ஏன் அப்போதே குழுவிடம் சொல்லவில்லை என்று ஜெபராணி கேட்டாள்.

"வலியில கத்துறவங்க கிட்ட எத்தனையோ தடவ ஓடியிருக்கேன் சிஸ்டர். வலியே இல்லாம ஒரு வார்டே கத்தவேண்டி வந்ததுன்னா, அது அதவிடப் பெரிய வலி. அதுக்கு ஊசி கிடையாது."

அவர் அறிக்கைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். இடம், தேதி, நேரம் எல்லாம் ஜெபராணி ஏற்கெனவே எழுதியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'சம்பவ நேரத்தில் வலியில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை.'

பதிவை அவர் இன்னொரு தடவை பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் எண்ணாலும் எழுத்தாலும் நாற்பத்தொன்று என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பதிவையும் ஒரு தாள் விடாமல் சேர்த்தே அனுப்புங்கள், யாராவது கேட்டால் என்னைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார்.

ஜெபராணி இரண்டையும் ஒன்றாக வைத்துத் தைத்து, மேலே முத்திரை குத்தினாள்.